பதிவேடுகளுக்குக் குளிர் அறை தந்தவர்களுக்கு

ஊரின் புயல், மழைப் பதிவேடுகளை வெள்ளத் தண்ணீரிலிருந்து மீட்க வந்த எல்லோருக்கும் வணக்கம். நடந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இன்னும் சேறு காய்ந்திருக்காது. நேரே நன்றிக்கு வருகிறோம்.

முதல் நன்றி, மீன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகுகள் கடலுக்குப் போகாததால் காலியாகக் கிடந்த குளிர் அறையை, மேலாளரிடம் பேசித் திறந்துவிட்டவர் அவர்தான். அழுக்குத் தண்ணீரில் ஊறிய காகிதத்தைச் சரக்கு இருக்கும் அறையில் வைக்க முடியாது. காலி அறை என்பதால்தான் கதவு திறந்தது, அதுவும் பிறகு கழுவித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு.

இதில் என்ன பெரிய உதவி என்று கேட்பவர்களுக்காக: நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் கார்த்திகை ஈரக்காற்றில் அதற்கும் முன்பே பிடிக்கும். அத்தனை பதிவேடுகளையும் அதற்குள் உலர்த்த எந்த ஊரிலும் ஆள் பலம் கிடையாது. மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சை வளராது, மை மேலும் கலங்காது, தாளும் தாளும் ஒட்டாது. உலர்த்துவதற்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் வெள்ளம் அமெரிக்காவின் கார்னிங் என்ற சிறிய ஊரில் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குள் புகுந்தபோதும், நூலகத்தின் நனைந்த புத்தகங்களை உறைய வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

ஆனால் கதவைத் திறந்ததை விடவும் நினைத்து நினைத்து நன்றி சொல்ல வேண்டியது அடுத்து அவர் செய்ததற்கு. மூட்டையாக உள்ளே போகவிருந்ததைக் கை நீட்டி நிறுத்தினார். "ஒண்ணா அடுக்கினா பாளமாயிடும் தம்பி. அப்பறம் ஒண்ணை எடுக்கணும்னா எல்லாத்தையும் உருக்கணும்." சொல்லிவிட்டு நிற்கவில்லை. மீன் தட்டுகளை எடுத்துவந்து, பாலிதீன் சுருளைப் பதிவேட்டின் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, முதுகுப்பகுதி கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையில் நிறுத்தினார். முதலில் காற்றாடிக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னவரும் அவரே. மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் உண்டாகும். மீன் என்றால் சதை கிழிந்து, உருகும்போது தண்ணீராகக் கொட்டும். காகிதம் என்றால் நார் உப்பிக் கட்டு விரியும். ஆவணப் பாதுகாப்பு படித்தவர்கள் சொல்லிக்கொடுக்கிற அதே முறை, மீன் தட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது.

அறைக்குள் போகும் முன் செய்ய வேண்டியதும் உண்டு. மூடியிருந்த பதிவேட்டைத் திறக்கக் கூடாது, விரிந்திருந்ததை அழுத்தி மூடக் கூடாது. சேற்றை மூடிய நிலையிலேயே நல்ல தண்ணீரில் அலசலாம், தேய்க்கக் கூடாது. மை கரைகிறது என்று தெரிந்தால் அலசவே வேண்டாம். வழுவழுப்பான தாளில் அச்சான விழா மலர்கள்தான் மோசம். பாதி காய்ந்தாலே பக்கங்கள் ஒன்றாகி, பிறகு பிரியவே பிரியாது. அவற்றை ஈரத்தோடே முதலில் உள்ளே அனுப்ப வேண்டும். புகைப்படங்களை மட்டும் குளிர் அறைக்கு அனுப்பாமல், ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்புவது நல்லது.

இப்போது நடப்பது உலர்த்தும் வேலை. ஒரு நாளில் எத்தனையைக் கவனிக்க முடியுமோ அத்தனையை மட்டுமே வெளியே எடுக்கிறோம். 25 பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகுகிறோம். செய்தித்தாள் கூடாது, அதன் மை இறங்கும். செருகிய தாள்கள் பதிவேட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தையல் விட்டுவிடும். மின்விசிறி ஓட வேண்டும், ஆனால் பக்கத்துக்கு நேரே அடிக்கக் கூடாது. வெயிலில் வைக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்டவர்களுக்கு: வெயிலில் தாள் சுருங்கி நெளியும், மை வெளுக்கும். காய்ந்ததா என்று பார்க்கத் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இத்தனை பாடும் எதற்கு? 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 புயல்கள், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2008 நவம்பரில் நிஷா புயல், 2018 நவம்பர் 16 கஜா புயல். நாகப்பட்டினம் கரையில் இந்தத் தேதிகளை யாரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. நிஷாவின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் பெய்த 66 செ.மீ. மழையும் எல்லா இடத்திலும் அச்சாகியிருக்கிறது. ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, அது கடல் நீரா மழை நீரா, வடிய எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் உள்ளூர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். வடஇந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியதெல்லாம் "52 புயல்", "77 புயல்"தான். பழைய ஏடுகளில் மழை இஞ்ச், சென்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். 2-35 என்றால் 2.35 இஞ்ச், அதாவது 59.7 மி.மீ. அதை 2.35 செ.மீ. என்று படித்தவர்களும் உண்டு. இன்னொரு வழுக்கல்: காலை 8.30க்கு அளக்கும் மழை அன்றைய தேதியில்தான் ஏறும். 26ஆம் தேதி ராத்திரி கொட்டியது ஏட்டில் 27 என்று நிற்கும். ஊர்க்காரர் நினைவும் ஏடும் ஒரு நாள் முரண்பட்டால் பெரும்பாலும் இரண்டுமே சரி.

டிராக்டர் தந்தவர்கள், ஜெனரேட்டருக்கு டீசல் சுமந்த தம்பிகள், தாள் கட்டுகளைப் பாதி விலைக்கும் விலையில்லாமலும் அனுப்பிய அச்சகத்தார், மாடியை உலர்த்தும் கூடமாக விட்டுக்கொடுத்த குடும்பம், பள்ளி முடிந்து வந்து தாள் மாற்றும் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே நன்றி. தனித்தனியே எழுதினால் யாரையாவது விட்டுவிடுவோம்.

பவுண்டன் பேனா நீல மையில் எழுதிய பக்கங்கள் பல இடங்களில் வெறும் நீலக் கறைதான். பக்கத்திலேயே பென்சிலில் குறித்த எண்கள் நேற்று எழுதியது போல நிற்கின்றன. இனிமேல் நாள்பதிவு பென்சிலில் மட்டும். நகல் ஒன்று மாடியில், இன்னொன்று வேறு ஊரில்.

இன்னும் ஒரு உதவி பாக்கி. தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டும் சேற்றுக் கோடு தெரியும் சுவர் இருந்தால் வெள்ளை அடிக்கும் முன் சொல்லி அனுப்புங்கள். வெளிச்சுவரில் அலை அடித்துக் கோடு உயர்ந்து தெரியும், அதனால் வீட்டுக்குள் இருக்கும் கோடுதான் வேண்டும். தரையிலிருந்து அளந்தால் தரை பின்னால் மேடாக்கப்படும்போது அளவு வீணாகிவிடும் என்பதால், கோயில் படிக்கட்டு மட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கிறோம். டேப்பும் மட்டக் குழாயும் எங்களிடம் இருக்கின்றன. கதவைத் திறந்துவிட ஒருவர் இருந்தால் போதும்.