கட்டர் இருக்கிறது, பிளேடு இல்லை: சென்னைத் தையல் சாமான் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிமுனையிலும் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பெரம்பூரிலும் மேட்சிங் சென்டர், தையல் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

பதினோரு வருடமாகக் குயில்ட் தைக்கிறேன். துணித் துண்டுகளை வெட்டிச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் ஒன்றாகத் தைக்கிற போர்வை. மந்தைவெளியில் என் வீட்டு ஹாலில் சனிக்கிழமைதோறும் ஆறேழு பெண்களுக்குச் சொல்லியும் தருகிறேன். புடவை முந்தானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நூறு நூல்கண்டுக்கு நடுவிலிருந்து சரியான நிறத்தை எடுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிளேடு. உங்களில் பலர் இப்போது ரோட்டரி கட்டர், அதாவது சக்கரம் போல உருண்டு துணியை வெட்டும் வட்டக் கத்தி, விற்கிறீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த கருவி அது. அதற்கு முன்னால் அட்டையில் அச்சு வெட்டி, துணியில் வரைந்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரிக்க வேண்டும். இன்று ஸ்கேலை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் நான்கு மடிப்பு ஒரே கோட்டில் வெட்டுப்படுகிறது. ஆனால் மாற்று பிளேடு கேட்டால், "புது கட்டரே வாங்கிக்கங்க அக்கா" என்ற பதில்தான் வருகிறது. அண்ணா, கைப்பிடி பத்து வருடம் வரும். வெட்டுவது பிளேடுதான்.

பிளேடின் விளிம்பில் ஒரு இடம் சின்னதாகச் சிதைந்தாலும் போதும். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை அங்குலம் போகிறது. அதனால் ஐந்தரை அங்குலத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று இழை வெட்டுப்படாமல் நிற்கும். உடனே அதன்மேல் இன்னும் அழுத்தி ஓட்டத் தோன்றும். அழுத்தினால் ஸ்கேல் நழுவும். என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படி நழுவித்தான் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டோம். மழுங்கிய பிளேடுதான் கையை வெட்டுகிறது என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. 28, 60 அளவுகளெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளைவு வெட்ட 28, தடித்த அடுக்குக்கு 60, அவ்வளவுதான். 45க்கு மட்டும் மாற்று பிளேடு எப்போதும் கடையில் இருக்கட்டும். நீங்கள் விற்கிற கட்டருக்கு அது பொருந்துகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது குண்டூசி. கேட்டால் ஆபீஸில் காகிதம் குத்துகிற ஊசியை எடுத்துத் தருகிறார்கள். அதைத் துணியில் குத்தினால் துணி மேடு கட்டுகிறது, மெஷினுக்கு அடியில் போகும்போது கோடு நகர்கிறது. குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் அங்குலம்தான். ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப் போனாலும், இரண்டு பக்கத் துணியிலும் அவ்வளவு குறையும். ஒன்பது கட்டம் சேர்த்த வரிசையில் எட்டுத் தையல், மொத்தம் ஒரு அங்குலம் காணாமல் போகும். அப்புறம் மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவே சேராது. அரை மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய ஊசி வருகிறது. அதை வரவழையுங்கள்.

தலை கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையும் தயவுசெய்து சோதித்துச் சொல்லுங்கள். என் தங்கை பேரனுக்காக ஒரு மாதம் தைத்த வெள்ளைப் பாப்ளின் போர்வை. கண்ணாடித் தலை என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி ஊசியோடு இஸ்திரி போட்டேன். சிவப்பாக உருகி ஒட்டிக்கொண்டது. விற்றவருக்கும் தெரிந்திருக்காது, பெட்டியில் இருந்ததை அவரும் நம்பியிருப்பார். ஒரே ஒரு ஊசியை எடுத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியில் வைத்துப் பாருங்கள், அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

ஊக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று அடுக்கும் நகராமல் இருக்க நான்கு அங்குலத்துக்கு ஒன்று வீதம் குத்துவோம். ஒற்றைக் கட்டில் போர்வைக்கே முந்நூறுக்கு மேல் வேண்டும். ஐப்பசி மழையில், நம் கடல்காற்றில், பத்து நாள் துணியில் இருந்தாலே மட்டமான ஊக்கு துருப்பிடித்துவிடுகிறது. துருக்கறை பருத்தியை விட்டு லேசில் போகாது. பித்தளை ஊக்கு இருந்தால் வையுங்கள். காந்தத்தில் ஒட்டினால் பித்தளை இல்லை. டஜன் அட்டையாக இல்லாமல் நூறு நூறாகக் கொடுத்தால் எங்களுக்கும் மிச்சம்.

கத்தரிக்கோல் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மீரட் கத்தரிக்கோல் உங்கள் அலமாரியில் இருக்கிறது, தெருவில் சாணை பிடிப்பவர் வருகிறார், போதும். கட்டர் ஓட்டும்போது துணிக்கு அடியில் போடும் கட்டிங் மேட் வாங்குகிறவர்களிடம் மட்டும், வெயிலில் வைக்காதீர்கள், மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மொட்டை மாடியில் காயவைத்த என் மேட் அப்பளமாக வளைந்தது, திரும்பவே இல்லை.

கோடு போடும் பேனாவுக்கு இதைவிட அதிகம் சொல்ல வேண்டும். தண்ணீரில் போகும் நீலப் பேனாக் கோட்டின் மேல் அலசுவதற்கு முன்பே இஸ்திரி பட்டால் கறை நின்றுவிடலாம். சூட்டில் மறையும் பேனா நேர்மாறு. இஸ்திரி போட்டதும் மாயமாகிறது, கடுங்குளிரில் திரும்பி வருகிறது. சென்னையில் அந்தக் குளிர் ஏது? ஆனால் நாங்கள் தைப்பதில் பாதி கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் போகிறதே. வெள்ளைத் துணிக்கு அந்தப் பேனா வேண்டாம் என்று சொல்லி, பழைய மார்க்கிங் சாக்கையே கொடுங்கள்.

பஞ்சைப் பொறுத்தவரை ஒரே கேள்வி. பருத்தியா, பாலியெஸ்டரா? சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் போர்வையைப் போர்த்திக்கொள்ள முடியாது. அம்மா காலத்தில் பழைய நூல் புடவைகளை மடித்துப் போட்டுத் தைத்ததே பிள்ளைகளுக்கு மெத்தென்று இருந்தது. பருத்திப் பஞ்சு விரிப்பு இருந்தால், எத்தனை அங்குல இடைவெளிக்குள் தையல் விழ வேண்டும் என்று அதைத் தயாரிக்கிறவரிடம் கேட்டு ரோலில் எழுதி ஒட்டுங்கள். தையல் தள்ளிப் போனால் துவைக்கும்போது பஞ்சு உருண்டு திரண்டுவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்டார்ச் ஸ்ப்ரேயைப் பற்றி நான் கேட்கவே போவதில்லை. வெட்டுவதற்கு முன் துணியை அலசி, சாயம் போகிறதா பார்த்து, சாதக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் காகிதம் மாதிரி நிற்கிறது.

தை மாதம் புது வகுப்பு தொடங்குகிறேன். எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டர், இரண்டு மாற்று பிளேடு, ஒரு பெட்டி மெல்லிய ஊசி, நூறு ஊக்கு வேண்டும். மார்கழி கடைசி வாரத்தில் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவேன். பெட்டியைப் பிரித்து ஒரு ஊசியை எங்கள் கையில் கொடுத்துப் பார்க்க விடும் கடையில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மந்தைவெளியிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர்