ஆண்டறிக்கை 2024–25

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். புதியவர்களுக்குப் பிஸ்டல் பயிற்சி கொடுப்பதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். அதற்குப் பிறகு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம் ரேஞ்சுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது பிஸ்டல்தான். ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் முதல் நாள் பெல்லட் என்ற ஏர் பிஸ்டல் குண்டு ஒன்றைக்கூடச் சுடக் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்ததில் சில பெற்றோருக்கு மனக்குறை. அதனால் காரணத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

ரைபிள் நீளமானது, யாராவது அதோடு திரும்பினால் எல்லோர் கண்ணிலும் படும். பிஸ்டலில் மணிக்கட்டு லேசாக அசைந்தாலே முனை பக்கத்து லேனுக்குப் போய்விடும். முதல் தடவை கறுப்பு வட்டத்துக்குள் அடித்த பையன், பிஸ்டல் கையில் இருக்க, பின்னால் நிற்கிற அப்பாவைச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். சந்தோஷத்தில் வருகிற தவறு அது. திட்டினால் போகாது, கைப்பழக்கம் ஒன்றுதான் அதைத் தடுக்கும்.

ஆகவே முதல் நாள் முழுக்கக் காலிப் பிஸ்டல்தான். முனை இலக்குப் பக்கமே இருக்க எடுக்க வேண்டும், மேசையில் வைக்க வேண்டும், பிஸ்டல் காலி என்று காட்டும் ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக்கைக் குழலில் செருக வேண்டும், அப்புறம்தான் திரும்ப வேண்டும். குறி பார்க்கும் வரை விரல், ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு (ட்ரிக்கர் கார்டு) வெளியே. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிக்கரின் குறைந்தபட்ச இழுவை 500 கிராம்தான். பதற்றமான விரலுக்கு அது ஒன்றுமே இல்லை.

அடுத்த கட்டத்தில் வட்டமே இல்லாத வெள்ளை அட்டை. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதைத் துரத்தும் கண், குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன்சைட்டை விட்டுவிடும். விரல் வெடுக்கென்று இழுக்கும். வலக்கைக்காரருக்குக் குண்டு கீழே இடப்பக்கம் போகும். வெள்ளை அட்டையில் குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும். மதிப்பெண் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். அதில் புதியவர் சுடும்போது மேகஸினில் ஒரே ஒரு தோட்டாதான். சத்தத்திலும் உதைப்பிலும் திடுக்கிட்டு விரல் மறுபடி இழுத்தாலும் இரண்டாவது தோட்டா வெடிக்காது. காதுக் கவசமும் கண்ணாடியும் இல்லாதவருக்கு லேன் கிடையாது. விருந்தினரானாலும் சரி, நிர்வாகியானாலும் சரி.

சிறு விஷயங்கள் இரண்டு. பெல்லட் ஈயம், சுடும் மேசையில் பிஸ்கட் பாக்கெட் வைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீக்கடைக்குப் போங்கள். ஏர் பிஸ்டலில் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர்களின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. சங்கத்துச் சிலிண்டர்களில் தேதி தாண்டியவற்றை ஒதுக்கிவிட்டோம். சொந்தப் பிஸ்டல் வைத்திருப்பவர்களும் அதன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள்.

ஆண்டு முழுவதும் விபத்து ஏதும் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஃபயரிங் லைனில் நின்ற மூத்த உறுப்பினர்களுக்கே அந்தப் பெருமை. ஒரு புதியவருக்கு ஒரு மூத்தவர் என்ற கணக்கைக் காப்பாற்ற ஞாயிறு காலையில் ஆள் போதவில்லை. வர முடிந்தவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்