மாறும் லோகோவில் மாறாதது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவனங்களின் நெகிழும் அடையாளம் குறித்துத் தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரே லோகோவை எல்லா இடத்திலும் ஒட்டிவைக்கும் காலம் போய்விட்டது, இனி வடிவமும் வண்ணமும் இடத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் என்கிறார் கட்டுரையாளர். மாறட்டும். ஆனால் எதை மாற்றக் கூடாது என்பதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. வடிவமைப்பாளர்கள் அனுப்பும் கோப்புகளை அச்சுக்கும் திரைக்கும் ஏற்றபடி தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அந்த ஒரு வரி இல்லாததால் வரும் வினையெல்லாம் எங்கள் மேஜையில்தான் வந்து விழுகிறது.

முதலில் ஒரு திருத்தம். இப்படி மாறும் அடையாளம் இணையம் வந்த பிறகு பிறந்த யோசனை அன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த 'புவாத் ஆ மியூசிக்' என்ற இசைத்தட்டுக் கடைக்கு 1950களின் இறுதியில் கார்ல் கெர்ஸ்ட்னர் என்ற வடிவமைப்பாளர் ஓர் அடையாளம் செய்தார். கடையின் பெயரும் அதைத் தழுவி நிற்கும் ஒரு சட்டமும், அவ்வளவுதான். கடிதத்தாளுக்கு ஒரு மாதிரி, விளம்பரத்துக்கு வேறு மாதிரி என அந்தச் சட்டம் நீளும், உயரும். ஆனால் மனம்போனபடி நீளாது. வகுத்த அலகுகளில்தான் நீளும். எழுத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு எங்கும் குலையாது. 1981இல் வந்த எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் லோகோவும் அப்படியே. பருத்த 'எம்', அதன்மேல் கிறுக்கியதுபோல் 'டிவி'. உள்ளே செங்கல், வரிக்குதிரைத் தோல் என எதை நிரப்பினாலும் அந்த இரண்டின் உருவமும் இருப்பிடமும் அசையவில்லை. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது.

கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் என்ற ஆய்வகத்தின் கதையை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 2011இல் அந்த ஆய்வகத்துக்குச் செய்த அடையாளம், கணினி நிரல் வழியே 40,000 வடிவங்களைத் தரக்கூடியது. ஆளுக்கொரு லோகோ! அழகான வேலைதான், நானும் ரசித்தேன். ஆனால் 2014இலேயே பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைக் கொண்டு புதிய அடையாளத்துக்கு மாறிவிட்டார்கள். ஏழுக்கு ஏழு கட்டம். அதற்குள் ஆய்வகத்துக்கு ஒரு குறி, அதே கட்டத்தில் ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் ஒரு குறி. எண்ணிக்கை சுருங்கியது, ஆனால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரிந்தது. கட்டுரையின் மீதிப் பாதி இதுவாக இருந்திருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் விதிக்கையேடு, அதாவது அதன் அடையாளத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் ஏடு, என் கைக்கு வந்தது. கால்வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றை 'தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. எத்தனை துண்டுகள் வரை? எது பெரியதாக இருக்க வேண்டும்? எந்த வண்ணத்தின் பக்கத்தில் எது வரக் கூடாது? பதிலே இல்லை. ஒவ்வொரு கிளையும் தனக்குப் பிடித்தபடி அடுக்கியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிற்றேடுகளை அருகருகே வைத்தால் போட்டி நிறுவனங்களோ என்று ஐயம் வரும். வெளிர்மஞ்சள் சதுரத்தின் மேல் வெள்ளை எழுத்து வேறு. இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு கேட்கின்றன. இப்படியொரு எண்ணைக் கையேட்டில் எழுதிவைக்க அரைப் பக்கம்கூட வேண்டாம். திரையில் பளீரென ஒளிரும் பச்சை, நான்கு மையில் அச்சேறும்போது மங்கித்தான் போகும் என்பதையும் யாரும் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை.

வெண்பாவில் தளை தட்டினால் அது வெண்பா ஆகாது. அந்தக் கண்டிப்போடுதான் ஆயிரக்கணக்கான வெண்பாக்கள் பாடியிருக்கிறார்கள். கூறுகளைக் கோத்து அமைக்கும் அடையாளத்துக்கும் இந்த யாப்புதான் முதல் தேவை.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. பெரும்பாலான கையேடுகள் லத்தீன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. தலைப்பெல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு வர வேண்டும் என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? அரபியில் எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்தே வரும். நடுவில் இடைவெளியைத் திணித்தால் சொல் உடைந்துபோகும். தமிழில் மேலே வளைவும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். சொற்களும் நீளமானவை. ஆங்கிலத் தலைப்பை அளந்து செய்த பெட்டியில் தமிழ்த் தலைப்பு அடங்காது. அப்போது என்ன செய்வார்கள்? எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார்கள். எந்த மொழி வந்தாலும் பெட்டி எந்தத் திசையில் விரியலாம் என்று சொல்லாத அமைப்பை நெகிழ்வானது என்று நான் ஒப்பமாட்டேன்.

விதிகள் கற்பனையைக் கட்டிப்போடும் என்று இளைய வடிவமைப்பாளர்கள் சிலர் சொல்கிறார்கள். விதியே இல்லாத கோப்போடு மாலை ஆறு மணிக்கு அச்சகத்திலிருந்து வரும் தொலைபேசிக்கு அவர்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றால் வேறு மாதிரி பேசுவார்கள்.

இதைப் பற்றித் தாங்கள் மறுபடி கட்டுரை வெளியிடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். புதிய அடையாளம் செய்யச் சொல்லும் நிறுவனங்கள், மினுக்கும் அசைபடத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்று எழுதுங்கள். ஒற்றை வண்ண ரப்பர் ஸ்டாம்ப், இணைய உலாவியின் தாவலில் தெரியும் பதினாறு பிக்சல் குறி, மிக நீளமான பெயர் கொண்ட பிரிவின் பெயர்ப்பலகை, இந்த மூன்றையும் அதே விதிகளின்படி செய்துகாட்டச் சொல்லட்டும். அவை நின்றால் மற்றவற்றுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அச்சுக்கோப்புத் தயாரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்