தடத்தை அளந்துவிட்டு மூடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கள் தெரு முனையில் கன்டெய்னர் லாரி மோதி ஒரு சைக்கிள்காரர் இறந்துபோனார், டயர் தேய்த்த கறுப்புத் தடம் நீளமாகக் கிடந்தது, ஒரு மணி நேரத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். யாரும் டேப் வைத்து அளக்கவே இல்லை. இப்போது "அவர்தான் குறுக்கே வந்தார்" என்று பேச்சு.

சமதளச் சாலையில் தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, உராய்வு எண்ணாலும் (டயர் ரோட்டை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 254ஆலும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் பிரேக் போட்டபோது இருந்த வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வந்துவிடும், பிளஸ் ஒன் இயற்பியல்தான். காய்ந்த தாரில் காருக்கு 0.7 என்று வைத்தால் 20 மீட்டர் தடத்துக்குக் கிட்டத்தட்ட 60 கி.மீ., மோதும்போதும் வேகம் மிச்சமிருந்தால், பிரேக் போட்டபோது இருந்த வேகம் அதற்கும் மேல். லோடு லாரிக்கும் எங்கள் பக்கத்து மணல் படிந்த ரோட்டுக்கும் அந்த எண் குறையும், அதனால் புத்தகத்தைப் பார்த்துப் போடாமல் அந்த இடத்திலேயே சோதித்து எழுத வேண்டும். அளந்து, படம் எடுத்து, அப்புறம் மண்ணைக் கொட்டுங்கள்.

ஒரு வாசகர், திருவொற்றியூர்