முன்பணம் வாங்குபவரும் கட்டுப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்குவோருக்கான யோசனைகள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்திரங்களை வக்கீலிடம் காட்டுங்கள், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் முன்பணத்தை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

வீடு தேடுபவர் தானாக அவசரப்படுவது குறைவு, அவரை அவசரப்படுத்துகிறார்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் படி இறங்குவதற்குள் ஏஜென்ட் ஆரம்பித்துவிடுவார்: "இன்னும் ரெண்டு பேர் பாத்துட்டுப் போயிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு தொகையைப் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கே நிறுத்தி வெச்சிடுறேன்." சரி, பத்திர நகலைக் கொடுங்கள், வக்கீல் பார்த்ததும் போடுகிறோம் என்று கேட்டால், தொகை வந்த பிறகுதான் நகல் தருவோம் என்பார். பார்த்துவிட்டுப் பணம் கொடு என்கிறது உங்கள் கட்டுரை. பணம் கொடுத்துவிட்டுப் பார் என்கிறார் அவர். பிடித்த வீட்டை வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் இருப்பவர், இந்த இரண்டில் யார் பேச்சைக் கேட்பார்?

என் அண்ணன் மகளும் அவள் கணவரும் இப்படி ஒரு தொகை கட்டினார்கள். அந்த ரசீதை நான் வாங்கிப் பார்த்தேன். மேலே நிறுவனத்தின் பெயர், பளிச்சென்று வண்ணத்தில். நடுவில் தொகை, எண்ணாலும் எழுத்தாலும். அடியில் பொடி எழுத்தில், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி. வீட்டை விற்பவரின் பெயர் எங்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எத்தனை நாளைக்கு வீட்டை வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள் என்று இல்லை. அப்படிக் காட்டிவிட்டால் என்ன என்பதற்கும் பதில் இல்லை. பிறகு, விற்பவர் கேட்ட விலையைவிடக் குறைவாக வங்கியின் மதிப்பீட்டாளர் மதிப்புப் போட்டார். அதனால் கடன் குறைந்தது, மீதியைப் புரட்ட முடியவில்லை, விலகினார்கள். கட்டிய பணம் போனது போனதுதான். இடைப்பட்ட நாட்களில் அந்த வீட்டின் விளம்பரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது என்பதை அப்புறம்தான் கவனித்திருக்கிறார்கள்!

இவர்கள் எதை வாங்குவதற்காக அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏஜென்ட் பெரும்பாலும் விற்பவரின் ஆள். அவரிடமிருந்தும் கமிஷன் வாங்குகிறவர். விற்பவர் எதிலும் கையெழுத்துப் போடாதபோது, நாளைக்கே கூடுதல் விலைக்கு இன்னொருவர் வந்தால் "விற்காதே" என்று தடுக்க ஏஜென்டுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. தன் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார். வாங்குபவர் விலகினால் பணம் போகும். விற்பவர் விலகினால் அவருக்கு ஒன்றும் போகாது. ஏஜென்டுக்கோ எப்படிப் போனாலும் நஷ்டமில்லை.

தரகர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே சமயத்தில் மூன்று வீடுகளுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் இழுத்தடித்துக் கடைசியில் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பிக் காத்திருக்கும் விற்பவர் பாவம், அவரும் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்கு விலை பேசி வைத்திருப்பார். விளையாட்டுக்கு வருபவர்களை வடிகட்ட ஒரு தொகை வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வடிகட்டுவதற்காக என்று வாங்கும் பணம் வருமானக் கணக்கில் போய் உட்காருவது எப்படி?

ஜெர்மனியில் இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு தம்பதி வீட்டை ஒரு மாதம் நிறுத்தி வைக்கத் தரகருக்கு 4,200 யூரோ கொடுத்தார்கள். கடன் ஏற்பாடு ஆகாததால் விலகிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. 2023 ஏப்ரல் 20 அன்று அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையே செல்லாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. காரணம் மிக எளியது. இந்த நிறுத்தி வைப்பால் வாங்குபவருக்குக் குறிப்பிடும்படி ஒரு பலனும் இல்லை, தரகரும் காசு பெறும் அளவுக்கு எதையும் பதிலுக்குச் செய்யவில்லை. என் அண்ணன் மகள் கேட்டதும் இதைத்தான், நீதிபதியின் மொழியில் இல்லை, அவ்வளவுதான்.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே. வீடு வாங்குபவர் மட்டும் ஒருதலையாகக் கட்டுப்பட்டு எழுதிக் கொடுத்து, அதற்காக அவரிடமே பணமும் வசூலித்திருந்தால், அந்த உறுதிமொழியே செல்லாது என்கிறது அங்குள்ள சிவில் சட்டம். இரு தரப்பும் முறையாக ஒப்பந்தம் போட்ட பிறகும் குடியிருக்க வீடு வாங்குபவருக்கு மனம் மாற 10 நாட்கள் உண்டு. 1804-இல் வந்த அந்தச் சட்டத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி இருக்கிறது: கைவிடும் உரிமையோடு தரப்படும் முன்பணத்தில், கொடுத்தவர் பின்வாங்கினால் அதை இழப்பார், வாங்கியவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். இரண்டு மடங்கு என்று எழுதி வைத்தால் எத்தனை ஏஜென்டுகள் படியில் நின்றுகொண்டு தொகை கேட்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

இங்கிலாந்து நிலைமைதான் வேடிக்கை. வாடகைக்குப் போகிறவரிடம் வீட்டை நிறுத்தி வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, உரிமையாளர் பின்வாங்கினால் ஏழு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதே ஊரில் வீட்டை விலைக்கு வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும்வரை யாரும் விலகலாம் என்பது அங்கே பொது விதி. அப்படியிருக்க ஒரு தரப்பிடம் மட்டும் காசு வாங்கி வைப்பது அந்த விதியைப் பின்வாசல் வழியாகத் திருத்துவதுதான். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று கட்டுமான நிறுவனங்களுக்குச் சொல்கிறது. நல்லது. ஆனால் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டைத் தரகர் மூலம் வாங்குகிறவருக்கு அது உதவாது.

கடைசியில் விலையில் கழித்துக்கொள்ளத்தானே போகிறார்கள், இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வியாபாரம் முடிந்துவிட்டால் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. முடியாமல் போகும்போது என்ன நடக்கும் என்பதற்காகத்தானே ரசீதே எழுதுகிறோம்? அதோடு, வீட்டின் விலைக்கு முன்னால் இந்தத் தொகை சிறியது. வழக்குப் போட்டால் வக்கீலுக்கே அதைவிட அதிகம் ஆகும். ஏமாந்தவருக்கோ அடுத்த வீடு தேடும் கவலை. விட்டுத் தொலையுங்கள் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். இந்த அலுப்பை நம்பித்தான் இந்த வசூல் நடக்கிறது.

முன்பணம் கேட்பதானால், விற்பவரும் அதே தாளில் கையெழுத்துப் போடட்டும். எத்தனை நாளுக்கு என்று தேதி இருக்கட்டும், அதுவரை விளம்பரத்தை எடுத்துவிடட்டும். வங்கி கடன் மறுத்தாலோ பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பணம் ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போகாமல், இரு தரப்பின் பெயரிலும் தனியாக ஒரு கணக்கில் கிடக்க வேண்டும். இதெல்லாம் முடியாது என்பவர் பணமும் கேட்கக் கூடாது.

சட்டம் வரும்போது வரட்டும், அதுவரை உங்களால் ஒன்று செய்ய முடியும். உங்கள் இதழின் பின்பக்கங்களில் வீட்டுத் தரகு நிறுவனங்களின் விளம்பரம் வாராவாரம் வருகிறது. வாங்குபவரிடம் முன்கூட்டியே தொகை கேட்பார்களா, கேட்டால் எப்போது திருப்பித் தருவார்கள் என்று ஒரு வரி சேர்த்தால்தான் அச்சிடுவோம் என்று நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டும். அந்த வரியைப் பொடி எழுத்தில் போடாமல், தொலைபேசி எண்ணைப் போடும் அளவிலேயே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி