ஷ்விட்னிட்சாவின் மர ஆலயமும் அதன் நிபந்தனைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த தென்மேற்குப் போலந்துப் பயணக் கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஷ்விட்னிட்சா நகரத்துச் சமாதான ஆலயத்தின் கூரை ஓவியங்களையும் பிரசங்க மேடையையும் கட்டுரையாளர் நம் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் அவ்வளவு பெரிய ஆலயத்தை ஏன் மரத்தால் கட்டினார்கள் என்ற இடத்தில், அக்கால மக்களின் எளிமையே காரணம் என்று ஒரே வரியில் கடந்து சென்றுவிட்டார். கல்லும் செங்கல்லும் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதியே கிடையாது என்பதைச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுவது முறையாகாது என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே ஐரோப்பாவில் மூண்ட முப்பதாண்டுப் போர் 1648இல் வெஸ்ட்ஃபாலிய உடன்படிக்கையுடன் முடிந்தபோது, கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட், ஸ்வீடனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, இவ்வூர் அடங்கிய சைலீசியப் பகுதியின் லுத்தரன் (சீர்திருத்தச் சபை) மக்களுக்கு மூன்றே மூன்று ஆலயங்களைக் கட்டிக்கொள்ள இசைந்தார். குவோகுஃப், யாவோர், ஷ்விட்னிட்சா ஆகியவையே அந்த மூன்று ஊர்கள். அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. மரம், களிமண், மணல், வைக்கோல் ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. நகர மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவில்தான் கட்டவேண்டும். கோபுரமோ மணியோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். நீடித்து நிற்கக் கூடாது என்ற நோக்கத்துடன் விதிக்கப்பட்ட நிபந்தனைகள் இவை என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு அந்த ஊர்க்காரர்கள் அளித்த பதில்தான் இன்று நாம் வியக்கும் கட்டடம். விரோட்ஸ்வாஃப் நகரைச் சேர்ந்த கோட்டைப் பொறியாளர் ஆல்பிரெக்ட் ஃபான் ஸேபிஷ் வரைபடம் தந்தார். ஹோக்பெர்க் குடும்பத்துப் பிரபு ஒருவர் தம் காட்டிலிருந்து 2,000 ஓக் மரங்களைக் கொடுத்தார். 1656 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டி, 1657 ஜூன் 24இல் முதல் வழிபாட்டையே நடத்திவிட்டார்கள். தூண்களையும் குறுக்குச் சட்டங்களையும் மரத்தால் பூட்டி, இடைவெளிகளை வைக்கோல் கலந்த களிமண்ணால் அடைத்த அந்தச் சுவர்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் பெரியதொரு தானியக் களஞ்சியம் போலத்தான் தெரியும். உள்ளே சென்றால், ஒன்றன்மேல் ஒன்றாக எழும் மாடங்களில் சுமார் 7,500 பேருக்கு இடம் இருக்கிறது. அவர்களில் 3,000 பேர் அமரலாம். உயரே எழுப்பத் தடை இருந்ததால் உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டார்கள் என்பது என் கருத்து. மாடங்களின் முகப்புப் பலகைகள் எங்கும் வேத வசனங்களும் காட்சிகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. கைவினைஞர் சங்கங்கள் தத்தம் மாடத்தில் தங்கள் தொழில் அடையாளத்தைப் பொறித்துவைத்தன. பிரசங்க மேடையில் ஒரு மணற்கடிகாரமும் உண்டு. போதகர் நேரம் மீறாமல் இருக்கத்தான்! (நம் மேடைப் பேச்சாளர்கள் சிலருக்கும் இது பயன்படும்.)

1702 முதல் 1737 வரை இங்கு ஊழியம் செய்த பெஞ்சமின் ஷ்மோல்க் புகழ்பெற்ற பாமாலை ஆசிரியர். அவர் காலத்திலும்கூட, மரணப் படுக்கையில் இருப்பவருக்கு நற்கருணை கொடுக்க லுத்தரன் போதகர் உள்ளூர்க் கத்தோலிக்கக் குருவின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. அதே ஊரின் நடுவில் 100 மீட்டருக்கும் உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் புனித ஸ்தனிஸ்லாஸ், வென்சஸ்லாஸ் பேராலயம் அன்று கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பயணி, கோபுரம் உள்ள ஆலயத்தையும் கோபுரம் மறுக்கப்பட்ட ஆலயத்தையும் சேர்த்தே பார்க்கிறார் என்பதைக் கட்டுரை ஒரு சொல்லாவது குறிப்பிட்டிருக்கலாம்.

நினைவுப் பலகைகள் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். 1945 வரை ஷ்வைட்னிட்ஸ் என்ற ஜெர்மானிய நகரமாக இருந்த இவ்வூரின் மக்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே தங்கள் மண்ணை இழந்த போலந்து மக்களும் பிறரும் இங்கு வந்து குடியேறினார்கள். ஆகவே ஆலயத்துச் சுவரில் உள்ள ஜெர்மன் மொழி நினைவுப் பலகைகளையும், கொடி படர்ந்த பழைய கல்லறைகளின் எழுத்துகளையும் இன்று பேணிக் காப்பவர்கள், அதில் பெயர் பொறிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர். பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் ஊரில், சிறியதொரு லுத்தரன் சபை இதைச் செய்துவருகிறது. சீரமைப்பில் போலந்து, ஜெர்மனி ஆகிய இரு நாட்டு வல்லுநர்களும் கைகோத்தார்கள். 2001இல் யாவோர் ஆலயத்துடன் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. குவோகுஃப் ஆலயமோ 1758இலேயே தீக்கிரையாகிவிட்டது.

சந்தைச் சதுக்கத்தில் வானியலாளர் மரியா குனிட்ஸின் சிலை ஒரு பெஞ்சில் அமர்ந்திருப்பதையும் கட்டுரையாளர் எப்படியோ தவறவிட்டிருக்கிறார். கெப்ளரின் கோள் அட்டவணைகளை எளிமையாக்கி 1650இல் நூல் வெளியிட்ட அந்த லுத்தரன் பெண்மணி, முப்பதாண்டுப் போர்க்காலத்தில் கணவருடன் தஞ்சம் புகுந்தது போலந்தின் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில். சமயப் பகையை மட்டுமே சொல்லி இந்த வரலாற்றை முடித்துவிட முடியாது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

கடைசியாக ஒரு திருத்தம். ஆலய வளாகத்தின் மணிக்கூண்டுப் படத்தின் கீழ் ‘1657’ என்று அச்சாகியிருக்கிறது. அது தவறு. ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் 1707இல் பேரரசருடன் செய்துகொண்ட ஆல்ட்ரான்ஸ்டெட் உடன்படிக்கைக்குப் பிறகே கோபுரத் தடை தளர்ந்தது. ஆலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கும் அந்த மணிக்கூண்டு 1708இல் எழுந்தது. அரை நூற்றாண்டுக் காலம் அந்தச் சபையார் மணியோசை இல்லாமலேதான் வழிபட்டார்கள். எனவே படக்குறிப்பின் ஆண்டை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி