தண்ணீர் ஊற்றக் கூடாத தீ: தீயணைப்புத் துறைக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். பாஸ்பரஸ் பென்டாசல்பைடு என்பது அதன் பெயர். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் தூளாகவோ செதில்களாகவோ இருக்கும். தீ என்றதும் தண்ணீரைப் பாய்ச்சுவதுதான் நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இந்தப் பொருளின் விஷயத்தில் அந்தப் பழக்கமே உயிரை எடுக்கும்.

இதை ஒழித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. கொசு ஒழிப்புக்குப் பயன்படும் மாலத்தியான் தயாரிப்பு இதிலிருந்துதான் தொடங்குகிறது. என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகக் கூட்டுப்பொருளுக்கும் இதுவே மூலப்பொருள். திண்மநிலை லித்தியம் பேட்டரி ஆய்வுகளிலும் இதற்கு இடம் உண்டு. தேவையான பொருள்தான்; அதனால்தான் அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

இதன் மூலக்கூறு ஒன்றில் 4 பாஸ்பரஸ் அணுக்களும் 10 கந்தக அணுக்களும் இருக்கின்றன. நீர் பட்டால் பாஸ்பரஸ் முழுவதும் பாஸ்பாரிக் அமிலமாக மாறும். கந்தகம் அத்தனையும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறும். கல்லூரி ஆய்வகத்தில், புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து மாணவர்களுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். ஒரு சிட்டிகைத் தூளில் ஒரு சொட்டு நீர் விட்டு, ஈய அசிட்டேட்டில் நனைத்த வெள்ளைத் தாளை மேலே பிடித்தால், அந்த வாயு பட்டுத் தாள் முதலில் பழுப்பாகிப் பிறகு கருத்துவிடும். சிட்டிகைக்கே அப்படி. ஒரு கிலோ முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 650 மில்லி நீர் போதும். வெளிவரும் வாயு சுமார் 550 லிட்டர். 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 9 மீட்டர் உயரமும் உள்ள கிடங்கில் அது பரவினால், காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருக்கும் அளவு அதுதான். ஒரே ஒரு கிலோவின் கணக்கு இது. டிரம் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் எச்சரித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மிகக் குறைந்த அளவில் மூக்கைத் துளைக்கும் அந்த வாயு, ஆபத்தான அளவை எட்டியதும் சில நிமிடங்களில் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைப்பவர்தான் முதலில் விழுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்கும், தீயும் பிடிக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, அடுத்தவரும் விழுந்த செய்திகளைத் தமிழ்நாடு எத்தனை முறை படித்திருக்கிறது! அங்கே உயிர் குடித்த அதே வாயுதான் இது. உங்கள் வீரர்கள் இன்னொரு முறை அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

இதற்கு ஐ.நா. கொடுத்திருக்கும் அடையாள எண் 1340. ஈரம் பட்டால் ஆபத்தான வாயுவை வெளியிடும் 4.3 வகுப்பைச் சேர்ந்தது. எரிந்தால் உலர் மணல், உலர் ரசாயனத் தூள், சோடா சாம்பல், சுண்ணாம்பு ஆகியவைதான். தண்ணீரும் கூடாது, நுரையும் கூடாது. கட்டுக்கு மீறிய தீ என்றால் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு எரிய விடுவதே முறை. தீயணைக்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஏசும். அந்த ஏச்சைத் தாங்கி நிற்கும் துணிவை உங்கள் உத்தரவு மட்டுமே தர முடியும். எழுத்தில் கொடுங்கள்.

தீ இல்லாமலும் விபத்து வரும் என்பதுதான் என் பெரிய கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். துருப்பிடித்த மூடியும் தரையோடு கிடக்கும் டிரம்மும் இருந்தால் வெள்ளமே போதும், தீக்குச்சி வேண்டாம்.

ஆகவே, செப்டம்பருக்குள் இந்தப் பொருளை வைத்திருக்கும் ஒவ்வொரு கிடங்கையும் நேரில் பாருங்கள். டிரம்கள் வெள்ளம் எட்டாத உயரத்தில், ஒழுகாத கூரையின் கீழ், தண்ணீர்க் குழாய்களிலிருந்து விலகி இருக்கின்றனவா? கேட்டிலேயே "தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களில் இந்தியிலும் எழுதியிருக்கிறதா? எந்தக் கிடங்கில் எத்தனை டிரம் என்ற விவரம் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் இருக்கட்டும். அந்த நிலையத்தில் வாயு அளவைக் காட்டும் கருவியும், முதுகில் சுமக்கும் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவிகளும், ஈரம் படாத மணலும் இருக்கட்டும். தூசு முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது. ஆபத்தான சரக்கை ஏற்றிய லாரியில் ஐ.நா. எண் எழுதிய அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சுங்கச்சாவடிகளில் அதைச் சரிபார்க்கப் போக்குவரத்துத் துறையிடம் நீங்கள் சொன்னால் நடக்கும்.

பயிற்சி வகுப்புக்கு வேதியியல் சொல்ல ஆள் வேண்டும் என்றால், எந்த மாவட்டத்துக்கும் என் செலவில் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்